மேடைப் படி ஏற எனக்கு நேரமாகும்

மகனே,

நேற்று நீ பேசிக்கொண்டிருக்கும்போதே நான் போனை உன் அம்மா கையில் கொடுத்துவிட்டு எழுந்து போய்விட்டேன். எழுந்து போனேன் என்று சொல்வதுகூடச் சரியில்லை. கம்பைத் தேடி, நாற்காலிக் கையைப் பிடித்து, இடது காலை நீட்டி வைத்துக்கொண்டு எழுவதற்கு ஆகிற நேரத்தில் நீ இன்னும் நாலு வாக்கியம் பேசி முடித்திருந்தாய். எல்லாம் காதில் விழுந்தது. "யப்பா, மண்டபத்துல மேடை நல்ல ஒசரம். கைப்பிடியும் கிடையாது. நீங்க கீழ முன்வரிசையில உக்காந்துக்கிடுங்க. தாலி எடுத்துக் குடுக்கத்தான ஒரு ஆளு வேணும், அதுக்குப் பெரியப்பா நிக்கட்டும்" என்றாய். என் மேல் உள்ள அக்கறையில்தான் சொன்னாய், அது எனக்குத் தெரியும். நம் வீட்டில் என்னை மிக அதிகமாகக் காயப்படுத்திய காரியங்கள் எல்லாமே அக்கறையோடு செய்யப்பட்டவைதான்.

நம் குடும்பத்தில் மாப்பிள்ளையின் அப்பாதான் தட்டிலிருந்து தாலியை எடுத்து மகன் கையில் கொடுப்பார். என் கல்யாணத்தில் என் அப்பா கொடுத்தார். உன் கல்யாணத்தில் நான் கொடுக்க வேண்டும். ஆவணி முகூர்த்தத்துக்கு நாள் அதிகம் இல்லை. என் முழங்காலோ உள்பக்கத்தில் ஊசி குத்தினாற்போல் வலித்துக்கொண்டு, ஒரு படி ஏறுவதற்குள் என்னை யோசிக்க வைக்கிறது. அதனால் நீ கேட்டது நியாயமான கேள்வி. அதற்கு என் பதில், முடியாது. ஏன் முடியாது என்பதைப் போனில் சொன்னால் நீ நடுவில் புகுந்து சமாதானம் சொல்வாய். அதனால் எழுதுகிறேன். எழுதுவதை ஊரறிய எழுதுகிறேன். என்னைப் பிடிவாதக்காரன் என்று சங்கரன்கோவிலில் பேசிக்கொண்டு திரிகிறவர்களும் படிக்கட்டும்.

இந்தக் கால் எப்படிப் போனது என்பதை நீ முழுதாகக் கேட்டதில்லை. பங்குனியில் பிளஸ் டூ விடைத்தாள் திருத்திவிட்டு ஸ்கூட்டரில் வந்துகொண்டிருந்தேன். திருவேங்கடம் சாலையில் ரோடு போடுகிறேன் என்று ஜல்லியைக் கொட்டி வைத்திருந்தார்கள். எதிரே ஒரு டவுன் பஸ், வழியை அடைத்துக்கொண்டு வந்தது. நான் வண்டியை ஓரத்தில் நிறுத்தி இடது காலை ஊன்றினேன். ஜல்லியில் பாதம் வெளிப்பக்கமாக வழுக்கியது. வண்டி அப்படியே முழங்கால் மேல் சாய்ந்தது. பாதம் ஒரு பக்கம், முழங்கால் இன்னொரு பக்கம். உள்ளே ஏதோ 'டப்' என்றது. வருஷக்கணக்காகக் கரும்பலகையில் முழங்கால் மூட்டை வரைந்து, தொடையெலும்பையும் கீழ்க்காலெலும்பையும் உள்பக்கத்தில் பிடித்துக்கொண்டிருக்கும் தசைநாரைச் சிவப்புச் சாக்பீசில் காட்டிப் பாடம் நடத்தியவன் நான். ஜல்லி மேல் கிடந்தபோது எனக்கு முதலில் ஞாபகம் வந்தது அந்தச் சிவப்புக் கோடுதான். பஸ் டிரைவர் தலையை நீட்டி, "என்ன சார், வண்டிய நிறுத்தத் தெரியாதா?" என்று கேட்டுவிட்டுப் போனான்.

திருநெல்வேலியில் டாக்டர் முழங்காலைப் பக்கவாட்டில் அழுத்திப் பார்த்தார். ஸ்கேன் எடுத்தார்கள். உள்பக்க ஜவ்வு பாதி கிழிந்திருக்கிறது, ஆபரேஷன் தேவையில்லை, இரண்டு பக்கமும் கம்பி வைத்த பெல்ட்டைப் போட்டுக்கொண்டு காலைச் சும்மா வைத்திருங்கள், பிறகு பிசியோதெரபி கட்டாயம் என்றார். "பிசியோ செய்யலைன்னா ஜவ்வு ஒட்டிக்கிடும், ஆனா வலி போகாது சார்" என்று சொன்னார். வலி போகாமல் இருப்பதைப் பற்றி எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. ஆனாலும் தலையாட்டினேன்.

உன் அம்மா அன்றைக்கே அம்மனிடம் பேசி முடித்துவிட்டாள். "கால் நேரானா அவுக ஆடிச்சுற்று சுத்துவாகன்னு வேண்டியிருக்கேன்" என்றாள். "வேண்டுனது நீ, சுத்துறது நானா?" என்றேன். "கால் யாரோடது?" என்று கேட்டாள். நம்மூர் அம்மன் ஒற்றைக் காலில் நின்று தவம் செய்தவள், அவள் கால்வலியில் பங்கு வாங்கிக்கொள்ளத்தான் ஆடித்தபசுக்குக் கொடியேறியதும் சனங்கள் பிரகாரத்தைச் சுற்றிச் சுற்றி வருகிறார்கள். உனக்குத் தெரியாததில்லை. ஆனால் கால்வலியைத் தீர்த்ததற்குக் கால்வலியையே காணிக்கையாகக் கொடுக்கிற கணக்கு உன் அம்மாவுக்குத்தான் வரும். இதை ஒரு புத்திமதியாக வைத்துக்கொள். கல்யாணத்துக்குப் பிறகு உன் மனைவியின் கால்களை வைத்து நீ எதையும் வேண்டிக்கொள்ளாதே. அவளையும் உன் கால்களை வைத்து வேண்ட விடாதே. அவரவர் கால் அவரவருக்கு.

பிசியோதெரபிக்குத் தினமும் திருநெல்வேலிக்குப் பஸ்ஸில் போய்வர என்னால் ஆகாது. நம் ஊரிலேயே இருக்கிறது என்று நீதான் சொன்னாய். யாருடையது என்று சொல்லும்போது உன் குரல் இறங்கிப்போனது. உன் பெரியப்பா மகள் சங்கரி. படித்து முடித்து, ஒரு உரக்கடைக்கு மேல் மாடியில் அவள் பிசியோதெரபி நடத்துவது எனக்குத் தெரியும். அந்தத் தெரு வழியாகவே நான் போவதில்லை என்பது உனக்குத் தெரியும். எனக்குத் தெரியாமல் நீயும் அவளும் இத்தனை வருஷமாகப் போனில் பேசிக்கொண்டிருந்தீர்கள் என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. "சங்கரியக்கா நல்லாப் பாப்பாப்பா" என்று நீ பழகின குரலில் சொன்னதிலேயே தெரிந்தது. அதை நான் மறக்கவில்லை. என்னைவிடப் பணியில் இளையவனைத் தலைமையாசிரியர் நாற்காலியில் உட்கார வைத்தார்களே, அன்றைக்கும் எனக்கு இப்படித்தான் இருந்தது. எல்லாருக்கும் முன்பே தெரிந்திருந்தது, எனக்கு மட்டும் கடைசியில்.

முழங்கால் நோயாளிகள் வருகிற இடத்தை மாடியில் வைத்திருக்கிறாள். உன் அம்மா தோளைப் பிடித்து ஒவ்வொரு படியாக ஏறி, வியர்த்து, உள்ளே போனேன். "வாங்க சித்தப்பா" என்றாள். கடைசியாக என்னைச் சித்தப்பா என்று அவள் கூப்பிட்டபோது இரட்டைச் சடை போட்டிருந்தாள். "நான் இங்கன நோயாளியா வந்திருக்கேன்" என்றேன். அவள் முகம் ஒரு நொடி மாறியது. பிறகு, "சரிங்க நோயாளி சார், கால நீட்டுங்க" என்று பெல்ட்டைக் கழற்றினாள். கழற்றியவள் குனிந்து உற்றுப் பார்த்தாள். உன் அம்மா எனக்குத் தெரியாமல் கோயில் புற்றுமண்ணைக் குழைத்து முழங்காலில் அப்பி அதற்கு மேல் பெல்ட்டைக் கட்டியிருந்தாள். நான் தூங்கும்போது செய்த வேலை. பெல்ட்டுக்குள்ளேயே காய்ந்து, பொருக்குத் தட்டி, அரித்துக்கொண்டிருந்தது. "என்ன சித்தப்பா, முட்டுல விவசாயம் பண்ணுதியளா?" என்று கேட்டாள். அடுத்த கட்டிலில் தோள்பட்டைக்கு வந்திருந்த அரிசிக் கடைக்காரர் சிரித்துவிட்டார். எனக்கும் சிரிப்பு வந்தது. அண்ணன் மகளிடம் சிரிக்கக் கூடாது என்று அடக்கிக்கொண்டேன்.

அந்த அரிசிக் கடைக்காரர் தோளில் மின்சாரச் சிகிச்சை வைத்துக்கொள்ளத் தினமும் வருவார். "கரண்ட மட்டும் வையி தாயி, மத்ததெல்லாம் வீட்டுல செஞ்சுக்கிடுதேன்" என்பார். "வீட்டுல என்ன செஞ்சிய?" என்று கேட்டால், "நெனச்சேன்" என்பார். நான் அப்படியில்லை. சொன்னதைச் செய்தேன். சுருட்டிய துண்டை முழங்காலுக்கு அடியில் வைத்து அதை அழுத்து என்றாள், அழுத்தினேன். கேட்பதற்கு வேடிக்கையாக இருக்கும். ஒரு துண்டை அழுத்துவதற்கு ஒரு மனிதன் பல்லைக் கடிக்க வேண்டுமா? தொடைச் சதை என் பேச்சைக் கேட்கவில்லை. மூளை சொல்கிறது, சதை சும்மா கிடக்கிறது. சில வாரம் படுத்துக் கிடந்ததற்கே என் இடது தொடை வேறு யாருடையதோ போல மெலிந்திருந்தது. பிறகு குதிகாலைப் படுக்கையில் இழுத்து மடக்குவது, காலை நேராகத் தூக்குவது, முழங்கால்களுக்கு நடுவில் தலையணையை வைத்து நெரிப்பது. உள்பக்கம் சுரீரென்று இழுக்கும். "எங்க வலிக்கு, தொட்டுக் காட்டுங்க" என்பாள். ஒரு விரலால் காட்டுவேன். "ஒத்த விரலால காட்டுற வலி நமக்குத் தெரிஞ்ச வலி. அதப் பாத்துக்கிடலாம். கைய விரிச்சு முட்டு பூராவும்னு காட்டுனாத்தான் எனக்குப் பயம்" என்றாள். சம்மணம் போட்டு உட்காரக் கூடாது, ஒருக்களித்துப் படுத்தால் காலுக்கு நடுவில் தலையணை. எல்லாவற்றையும்விட ஒன்றைத்தான் அவள் திரும்பத் திரும்பச் சொன்னாள். "திரும்பும்போது கால ஊனிக்கிட்டு ஒடம்பத் திருப்பாதிய சித்தப்பா. குட்டிக் குட்டியா எட்டு வச்சுத் திரும்புங்க. ஊனுன கால் மேல திரும்புனா உள்ஜவ்வு பிரி பிரியாப் போயிரும்."

அவள் நல்ல பெண். அதைச் சொல்வதில் எனக்குக் குறையில்லை. ஆனி முடியும்போது கம்பைத் தூக்கிப் பரணில் போட்டுவிட்டேன். ஒற்றைக் காலில் நிற்கிற பயிற்சி வந்தது. ஜன்னல் கம்பியைத் தொடாமல் இடது காலில் மட்டும் நிற்க வேண்டும். நின்றேன். "அம்மன் மாதிரியே நிக்கிய" என்று கேலி செய்தாள். அந்த மாடிப்படியில் யார் தோளையும் பிடிக்காமல் இறங்கி வந்த அன்று, உன் கல்யாண மேடையில் ஏறிப் போய்த் தாலியை எடுக்கிற என்னை மனதுக்குள் பார்த்துக்கொண்டேன். எனக்கு அதிகமாக ஆசைகள் வருவதில்லை. வந்தது இது ஒன்றுதான்.

இப்போது உனக்குத் தெரியாத பழைய கதைக்கு வருகிறேன். தெரியாது என்பதைவிட, மற்றவர்கள் சொல்லி உனக்குத் தெரிந்த கதை என்று சொல்லலாம். அப்போது எனக்கு ஓசூர்ப் பக்கம் வேலை. நீ மூன்றாம் வகுப்பு. விடிகாலையில் என் அம்மா இறந்துவிட்டாள் என்று போன் வந்தது. பேசியது உன் பெரியப்பா. "கெளம்பி வாலே" என்றான். "நான் வார வரைக்கும் எடுக்காதிய" என்றேன். "நீ வா" என்றான். உன்னையும் உன் அம்மாவையும் கூட்டிக்கொண்டு கிடைத்த பஸ்ஸில் ஏறினேன். பஸ் மாறி மாறி வந்தோம். நீ என் மடியில் தூங்கினாய். நாமக்கல்லுக்குப் பக்கத்தில் பஸ் பழுதாகி நின்றது. டிரைவரிடம் போய், "எங்கம்மாவுக்கு நான்தான் கடைசி மகன்" என்று சொன்னேன். அவருக்குப் புரிந்தது. வேறு பஸ்ஸை மறித்து ஏற்றிவிட்டார். முன்பின் தெரியாத மனிதருக்குப் புரிந்தது. அப்பாவுக்கு மூத்தவன் கொள்ளி வைக்க வேண்டும், அம்மாவுக்கு இளையவன். இதை நம் பக்கத்தில் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. அப்பாவுக்கு அவன் வைத்தான். நான் ஒதுங்கி நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அம்மா என் பங்கு.

இருட்டுகிற நேரத்தில் தெருவுக்குள் வந்தோம். பந்தல் இருந்தது. அடியில் யாரும் இல்லை. வாசல் கழுவி விடப்பட்டிருந்தது. கழுவிய தண்ணீர் சாக்கடையில் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. நீ என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஆச்சி எங்கப்பா?" என்று கேட்டாய். உள்ளேயிருந்து உன் பெரியப்பா மொட்டைத் தலையும் ஈர வேட்டியுமாக வந்தான். "பொழுது சாயுறதுக்குள்ள எடுத்துறணும்னு எல்லாரும் சொல்லிட்டாகலே. நீயும் எப்ப வந்து சேருவன்னு தெரியல. அதான் நானே..." என்றான். அந்த 'நானே'வுக்கு மேல் நான் கேட்கவில்லை. ராஜபாளையத்தில் கேட்டிருந்தால் ஐஸ் பெட்டி வந்திருக்கும். ஒரு ராத்திரி வைத்திருந்து காலையில் எடுத்திருக்கலாம். ஊரில் எத்தனையோ வீட்டில் வெளிநாட்டுப் பிள்ளைகளுக்காகக் காத்திருக்கிறார்கள். கடையநல்லூர்ப் பக்கம் என்னோடு வேலை பார்த்தவர் வீட்டில், துபாயிலிருந்து மகன் வந்து முகம் பார்க்கட்டும் என்று அடக்கத்தைத் தள்ளி வைத்ததை நானே பார்த்திருக்கிறேன். நான் துபாயில் இல்லை. நாமக்கல்லில் இருந்தேன். வந்துகொண்டிருந்தேன்.

அன்றைக்கு அந்த வீட்டில் தண்ணீர்கூடக் குடிக்காமல் திரும்பினேன். பிறகு ஊருக்கே மாற்றல் வாங்கி வந்தும் அவனோடு பேசியதில்லை. "அவுக மேல மட்டும் தப்பில்லையே, பெரியவுக எல்லாரும் சேந்துதான சொன்னாக" என்று உன் அம்மா பல தடவை சொல்லிவிட்டாள். உண்மைதான். ஆனால் தீயை எல்லாருமா சேர்ந்து பிடித்தார்கள்? ஒரு கைதானே பிடித்தது.

ஆடித்தபசுக்குக் கொடியேறியது. வேண்டுதல் ஞாபகம் உன் அம்மாவை அரித்தது. சங்கரி ஒரே பேச்சாக, "சுத்தக் கூடாது. எத்தன மூலை, ஒவ்வொரு மூலையிலயும் வலப்பக்கமே திரும்பணும். ஊனுற இடது கால்லதான் ஒங்களுக்கு ஜவ்வு. ஒரு சுத்துன்னா பரவால்ல, இது என்ன ஒரு சுத்தா? அம்மன்ட்ட வேணும்னா நான் சொல்லிக்கிடுதேன்" என்றாள். கடைசியில் எனக்குப் பதில் உன் அம்மா சுற்றுவது என்று முடிவானது. நான் தண்ணீர்ப் பாட்டிலோடு பிரகாரத்தில் ஒரு தூணோரம் உட்கார்ந்திருந்தேன். உன் அம்மா கையில் புளியங்கொட்டைகள். ஒரு சுற்று முடிந்தால் ஒரு கொட்டையை என் பக்கத்தில் போட்டுவிட்டுப் போவாள். கூட்டம் நெரிந்தது. குழந்தையைத் தோளில் போட்டவர்கள், ஓடுகிறவர்கள், பேசிக்கொண்டே நடக்கிறவர்கள். அந்தக் கூட்டத்தில் உன் பெரியப்பாவைப் பார்த்தேன். சட்டையில்லாமல், துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, குனிந்த தலையோடு போய்க்கொண்டிருந்தான். வயதாகிவிட்டது. நடையில் ஒரு தள்ளாட்டம் இருந்தது. நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

அடுத்த சுற்றில் உன் அம்மா தண்ணீர் குடிக்க நின்றாள். "பெரியத்தான் சுத்துதாகளே, பாத்தியளா?" என்றாள். நான் புளியங்கொட்டைகளை எண்ணினேன். "யாருக்குன்னு கேளுங்க." "எனக்கெதுக்கு?" "ஒங்க முட்டுக்குத்தான். கொடியேறுன அன்னையில இருந்து சுத்துதாகளாம். தம்பி கால் நேராகணும்னு. சங்கரி சொன்னா" என்று சொல்லிவிட்டு, பெரிய நல்ல செய்தியைக் கொடுத்தவள் மாதிரி என் முகத்தைப் பார்த்தாள்.

மகனே, உனக்கு இது நல்ல செய்தியாகத்தான் இருக்கும். படிக்கிறவர்களுக்கும் இருக்கும். அண்ணன் தம்பிக்காக வெறுங்காலோடு கோயிலைச் சுற்றுகிறான், தம்பி ஓடிப்போய்க் கட்டிப்பிடிக்க வேண்டியதுதானே? எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. என் அம்மாவுக்கு நான் வைக்க வேண்டிய தீயை என்னைக் கேட்காமல் வைத்தவன், இப்போது என் காலுக்கு நான் செலுத்த வேண்டிய நேர்த்திக்கடனையும் என்னைக் கேட்காமல் செலுத்திக்கொண்டிருக்கிறான். நான் வரும்வரை பொறுக்க மாட்டான். நான் எதையும் செய்யும்படி விட மாட்டான். நான் எழுந்தேன். உன் அம்மா, "என்னங்க, எங்க போறிய?" என்றாள். "என் கால்தான" என்று சொல்லிவிட்டுக் கூட்டத்துக்குள் இறங்கினேன். அவள் கூடவே நடந்து கெஞ்சினாள். பிறகு கெஞ்சுவதை விட்டுவிட்டு அழுதுகொண்டே நடந்தாள்.

முதல் சில சுற்றுகள் ஒன்றும் செய்யவில்லை. மூலைக்கு மூலை குட்டி எட்டு வைத்துத்தான் திரும்பினேன். சங்கரி பார்த்திருந்தால் சந்தோஷப்பட்டிருப்பாள். பிறகு பின்னாலிருந்து தள்ளுகிறவர்கள் குட்டி எட்டு வைக்க விடவில்லை. முழங்காலின் உள்பக்கம் முதலில் சூடானது, பிறகு இழுத்தது. ஒரு விரலால் காட்டுகிற வலி பரவிப் பரவி, கையை விரித்துக் காட்டுகிற வலியானது. நிறுத்தியிருக்கலாம். எங்கோ எனக்குப் பின்னால் அவன் இன்னும் நடந்துகொண்டிருந்தான். அவன் நடக்கும்போது நான் உட்கார முடியாது. ஒரு மூலையில் முன்னால் போனவள், கையில் இருந்த குழந்தை எதையோ கீழே போட்டுவிட்டது என்று சட்டென்று நின்றுவிட்டாள். அவள் மேல் மோதாமல் இருக்க, ஊன்றிய இடது காலின் மேலேயே உடம்பை வலப்பக்கம் திருப்பினேன். அதே சத்தம். ஜல்லி மேல் கேட்ட அதே சத்தம், கருங்கல் தரையில்.

கீழே விழவில்லை. விழுவதற்குள் பின்னாலிருந்து இரண்டு கைகள் என் அக்குளுக்குள் நுழைந்து தூக்கிப் பிடித்தன. "ஏலே ஊனாத! ஊனாதலே, ஊனாத!" என்று காதோரம் கத்தினான். இத்தனை வருஷத்துக்குப் பிறகு என்னிடம் அவன் பேசியது அதுதான். நான் பேசியதும் ஒன்றுதான். "கைய எடு" என்றேன்.

எடுத்துவிட்டான். அவன் பிடித்துக்கொண்டே இருந்திருந்தால் என்ன செய்திருப்பேன் என்று தெரியாது. நான் தூணைப் பிடித்து வழுக்கிக் கீழே உட்கார்ந்தேன். அவன் சற்றுத் தள்ளி நின்றான். ஆட்டோ வந்து, யார் யாரோ என்னைத் தூக்கி ஏற்றும் வரைக்கும் அங்கேயே நின்றுகொண்டிருந்தான். அவன் சுற்றை முடித்தானா என்று தெரியவில்லை. நான் கேட்கவும் இல்லை.

மறுபடியும் திருநெல்வேலி, ஸ்கேன், பெல்ட். கல்யாணத்துக்குள் சரியாகாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். இனிமேலும் முன்போல் ஆகுமா என்பதை அவர் சொல்லவில்லை, நான் கேட்கவில்லை. சங்கரி வீட்டுக்கே வந்தாள். பெல்ட்டைக் கோபத்தோடு கழற்றினாள். வீங்கிய முழங்காலைக் கையில் ஏந்திப் பார்த்துக்கொண்டிருந்தவள், "நான் ஒங்ககிட்ட என்ன பெருசா கேட்டேன் சித்தப்பா?" என்றாள். பிறகு ஒரு துண்டைச் சுருட்டி முழங்காலுக்கு அடியில் வைத்தாள். "அழுத்துங்க" என்றாள். முதல் நாளிலிருந்து மறுபடியும். அழுத்திக்கொண்டிருக்கும்போது, என்னைப் பார்க்காமல், "அப்பா இப்பவும் சொல்லுவாக. அன்னைக்கு ஒரு ராத்திரி ஐஸ் பெட்டி வச்சிருக்கலாம், நான்தான் பயந்துட்டேன்னு. ஆச்சி திதி அன்னைக்கு வருஷா வருஷம் சொல்லுவாக" என்றாள்.

நான் துண்டை அழுத்திக்கொண்டே இருந்தேன். அவன் அதைத் தன் மகளிடம் சொல்லியிருக்கிறான். மனைவியிடம் சொல்லியிருப்பான். உன்னிடமும் சொல்லியிருப்பானோ என்னவோ. என் வீடு அவன் வீட்டிலிருந்து நடந்து போகிற தூரம். என்னிடம் வந்து சொல்லவில்லை. நானும் போய்க் கேட்கவில்லை என்று நீ சொல்வாய். ஆமாம், கேட்கவில்லை. இரண்டு பேரும் இப்படியே போய்ச் சேருவோம் என்றுதான் தோன்றுகிறது. இதில் நீ எங்களைப் பார்த்துக் கற்றுக்கொள்ள ஒன்றும் இல்லை. ஒன்று மட்டும் இருக்கலாம். உன் மனைவி, 'நான் வருகிற வரைக்கும்' என்று எதைப் பற்றியாவது சொன்னால், அது சோறாக இருந்தாலும் சரி, பிள்ளைக்குப் பெயர் வைப்பதாக இருந்தாலும் சரி, காத்திரு. அவளுக்கு எது நல்லது என்று நீயாக யோசித்து முன்கூட்டியே முடித்து வைக்காதே. முடித்துவிட்டுப் பிறகு கோயிலைச் சுற்றிப் பிரயோசனமில்லை.

இப்போது நீ கேட்டதற்கு வருகிறேன். உன் பெரியப்பாவுக்குப் பத்திரிகை வை. வரட்டும். நீ கூப்பிட நினைத்தவர்களைக் கூப்பிட உனக்கு உரிமை உண்டு. முன்வரிசையில் உட்காரட்டும். நான் அவனோடு பேச மாட்டேன். பேசச் சொல்லி அன்றைக்கு யாரும் எங்கள் இருவரையும் பக்கத்தில் நிறுத்திப் போட்டோ எடுக்க வேண்டாம். ஆனால் தாலித் தட்டுக்கு அவன் கை வரக் கூடாது.

மண்டபத்தின் மேடையை உன் அம்மா போய்ப் பார்த்துவிட்டு வந்து சொன்னாள். படிகள் உயரம்தான். கைப்பிடி இல்லை. சங்கரி இப்போது என்னைத் தன் மாடிப்படியில்தான் பழக்கிக்கொண்டிருக்கிறாள். ஏறும்போது நல்ல கால் முதலில், பிறகு கம்பு, பிறகு கெட்ட கால். இறங்கும்போது கெட்ட கால் முதலில். ஒரு படியில் இரண்டு கால்களும் வந்து சேர்ந்த பிறகுதான் அடுத்த படி. மெதுவாகத்தான் போகும். அவள் எனக்குப் பின்னால் ஒரு படி கீழே வருவாள். கல்யாணத்தன்றும் வருகிறேன் என்றிருக்கிறாள். சரி என்று சொல்லியிருக்கிறேன். அவளைத் தவிர யாரும் கை கொடுக்க வர வேண்டாம்.

நான் முன்பே மேடையில் போய் உட்கார்ந்துவிடலாம் என்று நீ சொல்வாய். முழங்காலை மடக்கி அத்தனை நேரம் உட்கார்ந்தால் பிறகு எழுந்திருக்க முடியாது. நீட்டிக்கொண்டு உட்கார அங்கே இடமில்லை. அதனால் கீழே காலை நீட்டி உட்கார்ந்திருந்து, ஐயர் தட்டைக் கையில் எடுத்ததும் எழுந்து வருவேன். அப்போது மேளக்காரர்கள் கெட்டிமேளத்துக்குத் தயாராகி உன் முகத்தையும் என் காலையும் மாறி மாறிப் பார்ப்பார்கள். வந்திருப்பவர்கள் அட்சதையைக் கையில் வைத்துக்கொண்டு எட்டிப் பார்ப்பார்கள். யாராவது ஒருவன், "நேரமாச்சு, முகூர்த்தம் போயிரும், யாராச்சும் எடுத்துக் குடுங்கய்யா" என்பான். கண்டிப்பாகச் சொல்வான். அன்றைக்கும் எல்லாரும் அதைத்தான் சொன்னார்கள். நீ யார் முகத்தையும் பார்க்காதே. யாரையும் என் இடத்தில் நிறுத்தாதே. படியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திரு.

நான் வந்துகொண்டிருப்பேன்.

உன் அப்பா